நொச்சிப்பேரியின் சாய்ந்த எழுத்து

நொச்சிப்பேரி பஜாரில் ஆட்கள் முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தே நடப்பதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், இந்த ஊரில் எதிர்க்காற்று அதிகமோ என்று கேட்பார்கள். காற்றும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. எல்லாம் வடிவு டிஜிட்டல்ஸ் சங்கரவடிவு ஒரு எழுத்து வரைந்ததால் வந்த கூத்து. அதைச் சொல்வதென்றால், அவளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது நிமிஷம்தான் சந்தோஷம் என்று இருந்ததிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒன்பது நிமிஷத்தையும் அவளே தன் கையால் தூக்கித் தெருவில் போட்டாள், பிறகு அதைத் தேடிக்கொண்டு அலைந்தாள்.

வடிவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. முப்பிடாதி அம்மன் கோயில் மதிலை ஒட்டி நாலு பக்கமும் வரிசையாகக் கடைகள் உண்டு, அதில் தெற்கு வரிசையில் அவளுடையது. காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ், கடைக்குப் போர்டு, வண்டிக்கு ஸ்டிக்கர் என்று எது கேட்டாலும் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே எரிச்சல் கம்ப்யூட்டரில் கிடந்த தமிழ் எழுத்துகள்தான். தடிமனாக்கினால் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு ‘ண’ அவித்த கிழங்கு மாதிரி ஆகிவிடும், பட்டனைத் தட்டிச் சாய்த்தால் கால் சுளுக்கிக்கொண்டது போல் இழுத்துக்கொண்டு நிற்கும், இரண்டையும் சேர்த்துச் செய்தாலோ கண்கொண்டு பார்க்க முடியாது. சீ, இதுவும் ஒரு எழுத்தா என்று ஒருநாள் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து தானே வரைய உட்கார்ந்தாள். நுனியில் மீசை கிடையாது, வளைவில் மெலிவு கிடையாது, மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், சுழிக்குள் மட்டும் காற்றோட்டமாக இடம். பக்கம் பக்கமாகப் படிக்கிற எழுத்தில்லை அது. தெருவில் போகிறவனை ஒரே வார்த்தையில் கையைப் பிடித்து நிறுத்துகிற எழுத்து. இரண்டு ஐப்பசி மழை கடந்து வரைந்து முடித்து, ‘பாய்ச்சல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தாள்.

சாய்வுதான் அவளைப் படாத பாடு படுத்தியது. எட்டு டிகிரி சாய்த்தால் எழுத்து யோசித்துக்கொண்டு நிற்கிறது, பதினாறு சாய்த்தால் குப்புற விழப்போகிறது. கடைசியில் பன்னிரண்டு என்று அவள் முடிவு கட்டியது எப்படி என்பது ஊருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தினமும் காலை பத்து நாற்பதுக்கு, திருநெல்வேலியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற முப்பிடாதி பஸ் அவள் கடை முன்னால் வந்து நிற்கும். கண்டக்டர் உச்சிமாகாளி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதும் படிக்கு வெளியே சாய, தெருமுனையிலேயே ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டு வருவான். பள்ளிக்கூட நாளில் வாங்கிய ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து, வெயிலை மறைக்கிற மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவள் அந்தச் சாய்வை ஒரு வாரம் அளந்தாள். தினமும் பன்னிரண்டுதான் வந்தது.

பஸ் நிற்கிற நேரம் ஒன்பது நிமிஷம். அவன் இறங்கி, பக்கத்துக்கடை ஆசீர்வாதம் அண்ணாச்சியிடம் டீ வாங்கிக்கொண்டு, வடிவு கடை வாசலில் நின்று கம்ப்யூட்டரைப் பார்ப்பான். வெட்டிப் பேச்சு கிடையாது. “இந்த ‘ண’வுக்கு மூச்சு முட்டுது” என்று ஒருநாள் சொன்னான், அன்றைக்கே அவள் அதன் சுழிகளைத் திறந்துவிட்டாள். ஆறு வருஷம் இப்படி ஓடிற்று. அந்தப் பக்கத்தில் மீசை முளைத்த எல்லா ஆம்பளையும் அண்ணாச்சிதான், ஆனால் அவள் அவனை மட்டும் ஒருநாளும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியாமல், கூப்பிடாமலேயே பாதிப் பேச்சிலிருந்து தொடங்குவாள். பஸ்ஸில் ஏறுகிற குமரிகளையெல்லாம் வாய் நிறைய ‘தங்கச்சி’ என்கிற உச்சிமாகாளியும் அவளிடம் வரும்போது அந்தச் சொல்லை விழுங்கிவிடுவான். நாற்பது வயதுக்காரனுக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவளுக்கும் வரவில்லை, சும்மா சொல்லக்கூடாது.

பாய்ச்சல் எழுத்தில் முதலில் போர்டு வைத்தது ஆசீர்வாதம் அண்ணாச்சி. போர்டு ஏறிய காலையிலேயே, ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோரும் நின்ற வாக்கில் குடித்து, கிளாஸைத் தாங்களே கழுவி வைத்துவிட்டு, தங்களுக்கு இருந்த வேலை என்னவென்று அப்போதுதான் ஞாபகம் வந்தவர்களாகப் புறப்பட்டுப் போனார்கள். போர்டுக்குக் கீழே வந்தால் கால் தரிக்க மாட்டேன் என்கிறது என்று அண்ணாச்சி சொன்னார். ஆமாம், எழுத்து ஓடுகிற மாதிரி இருந்தால் ஆளும் ஓடத்தானே செய்வான் என்று ஊர் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது.

பிறகு பிடித்தது பாருங்கள் ஓட்டம். வார்டு கவுன்சிலர் பொதுக்கூட்டத்துக்குப் பின்னால் பாய்ச்சலில் பேனர் கட்டினார். இரண்டு மணி நேரத்துக்குக் குறிப்பு எழுதி வந்தவர் நாலே நிமிஷத்தில் நன்றி வணக்கம் சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே நம்பாமல் நின்றார். ஜனங்கள் அவர் வாழ்நாளில் கேட்காத கைதட்டலைக் கொடுத்தார்கள். சர்வேயர் ஆபீஸில் போர்டு மாற்றியதும், தாத்தா காலத்தில் கொடுத்த மனுவுக்குப் பேரன் வீடு தேடி வந்து நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தார்கள். பங்குனித் தேருக்கு நல்வரவு பேனர் வைத்தார்கள், காலையில் இழுத்தால் சாயங்காலம் நிலைக்கு வருகிற தேர் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. வடத்தை ஆட்கள் இழுத்தார்களா, வடம் ஆட்களை இழுத்ததா என்று இன்றுவரை வழக்கு தீரவில்லை, மேலே நின்ற குருக்கள் மட்டும் அடுத்த வருஷம் தனக்குக் கைப்பிடி வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆசைப்பட்டு வைத்த போர்டை, மூன்று பிள்ளைகள் ஆட்டோவிலேயே பிறந்ததும் கழற்றிப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

கடைசியில் வியாபாரிகள் சங்கம் கூடி ஒரு முறை வகுத்தது. நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் சாய்ந்த எழுத்து ஆகாது, வந்தவர்கள் உட்கார வேண்டும். கண்ணீர் அஞ்சலிக்குக் கூடவே கூடாது, போனவரே அவசரப்பட்டுத்தான் போயிருக்கிறார். மைக் செட்டுக்காரர், வங்கி வாசல், ரேஷன் கடை, மாமியார் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட மாப்பிள்ளை படுக்கிற அறைச்சுவர், இவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் சாய்ந்தே நடந்து பழகியதால் சட்டையின் பின்பக்கம் தூக்கிக்கொள்கிறது என்று டெய்லர்கள் முதுகுப் பக்கம் இரண்டு இஞ்ச் கூட்டித் தைக்கப் பழகினார்கள். வடிவு இதில் எதற்கும் அதிசயப்படவில்லை, காரணம் கேட்டவர்களிடம் சுழியைப் பெரிசாக வைத்தேன் என்று மட்டும் சொன்னாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பஸ் முதலாளி தங்கத்துரை ஒருநாள் வந்து, வண்டிக்கு இரண்டு பக்கமும் முப்பிடாதி என்று பாய்ச்சலில் ஒட்ட வேண்டும் என்றார். வடிவுக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. கணக்குப் போட்டாள்: வண்டி வேகமாக ஓடும், பத்து நிமிஷம் முந்தி வரும், ஒன்பதோடு பத்தைக் கூட்டினால் பத்தொன்பது. பத்தொன்பது நிமிஷம் வாசலில் நின்றால் மனுஷனுக்கு வாய் திறக்காதா என்ன?

ஆனால் வண்டியில் ஒட்டுகிறதில் ஒரு சிக்கல் உண்டு, தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். வலப்பக்கம் ஒட்டினால் எழுத்து வண்டி போகிற திசையிலேயே சாயும், நல்லது. அதே எழுத்தை இடப்பக்கம், ஆட்கள் ஏறுகிற பக்கம், ஒட்டினால் பின்சக்கரத்தைப் பார்த்துச் சாயும், முன்னால் போகிற வண்டியைப் பின்னால் இழுக்கிற மாதிரி. ஏனோதானோவென்று ஒட்டுகிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். வடிவு மூன்று நாள் கண் பூத்துப்போக உட்கார்ந்து, அந்த ஐந்து எழுத்தையும் இடப்பக்கத்துக்கென்று எதிர்ச்சாய்வில் தனியாக வரைந்து, இரண்டு பக்கமும் முன்னாலேயே பாய்கிற மாதிரி ஒட்டிக் கொடுத்தாள். அவ்வளவு நேர்த்தியான வேலையை அவள் அதற்கு முன் செய்ததில்லை.

மறுநாள் பஸ் பத்தரைக்கே வந்தது. வந்து, நின்றது என்று சொல்ல முடியாது, தயங்கியது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் தொற்றினார்கள், டிரைவர் அருளப்பன் பிரேக்கின் மேல் ஏறி நின்றும் வண்டி கயிற்றை இழுக்கிற கன்றுக்குட்டி மாதிரி முன்னால் முன்னால் போனது. உச்சிமாகாளி ஒரு காலைத் தரையில் வைத்தான், மறுகாலை வைப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவனுக்காக ஊற்றிய டீ ஆசீர்வாதம் அண்ணாச்சி கையிலேயே ஆறியது. மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. பாய்ச்சல் எழுத்துக்குக் கீழே கால் தரிக்காது என்று ஊர் முழுக்கத் தெரியும், வரைந்தவளுக்கு மட்டும் அது அன்றைக்குத்தான் உறைத்தது. பாவி மகள், பத்தொன்பதுக்கு ஆசைப்பட்டு ஒன்பதையும் தொலைத்தாள்.

தங்கத்துரைக்கு ஒரே கொண்டாட்டம், கூட இரண்டு டிரிப் அடித்தார். வடிவு முகம் சுண்டிப்போனாள். கடையில் என்ன செய்தாலும் கை ஓடவில்லை, எந்த எழுத்தைப் பார்த்தாலும் கம்பியில் தொங்குகிற ஆள் மாதிரியே இருந்தது. இனிமேல் அவன் நிற்கவே போவதில்லை, இப்படியே வருஷம் ஓடி இருவரும் கிழடாகி, படியில் ஒரு நரைத்த தலை மின்னல் மாதிரி போகும், நான் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்துவிடலாமென்றால், முதலாளியிடம் என்ன காரணம் சொல்வது?

ஆடி மாதம் ஒரு வைக்கோல் லாரி உரசிக்கொண்டு போனதில் பஸ்ஸின் இடப்பக்கத்து எழுத்து முழுவதும் கிழிந்தது. புதிதாக ஒட்டித் தரச் சொல்லித் தங்கத்துரை காலையில் டிரைவரை மட்டும் வைத்து வண்டியை அனுப்பினார். வடிவு கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். வலது பக்கம் முன்னால் இழுக்கிறது. இடது பக்கம் அதே எழுத்தை அப்படியே ஒட்டிவிட்டால் பின்னால் இழுக்கும். இதுக்கும் அதுக்கும் சரியாகப்போய், வண்டி பழைய வண்டியாகிவிடும், ஒன்பது நிமிஷம் திரும்பி வந்துவிடும். எதிர்ச்சாய்வு எழுத்தை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு, நேர்ச்சாய்வையே வெட்டி ஒட்டினாள். தொழிலில் அவள் தெரிந்தே செய்த ஒரே தப்பு அதுதான்.

பரிசலில் ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. கண்டக்டரையும் ஐம்பது பேரையும் ஏற்றிக்கொண்டு கடை முன்னாலிருந்து கிளம்பிய முப்பிடாதி, தெருமுனையில் நேரே போகாமல் இடதுபக்கம் திரும்பியது. அருளப்பன் ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார், வண்டி கேட்டுக்கொண்டது, ஆனால் சம்மதிக்கவில்லை. கிழக்குத் தெரு, வடக்குத் தெரு, மேற்குத் தெரு என்று கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, சைக்கிள் மிதிக்கிற வேகத்தில் மறுபடியும் வடிவு கடை முன்னால் வந்தது, நிற்காமல் மறுபடியும் இடதுபக்கம் திரும்பியது. கோயிலை இடமாகச் சுற்றுவது ஆகாதே என்று குருக்கள் ஓடிவந்தார். ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த கருவாட்டுக்கார லூர்தம்மாள், அம்மன் பெயரைப் போட்ட வண்டிதானே, அவள் தன் வீட்டைத் தானே எந்தப் பக்கம் சுற்றினால் உமக்கென்ன என்று கேட்டாள். குருக்களுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அடுத்த சுற்றில் இரண்டு பேர் ஜன்னல் வழியாகத் தக்காளி வாங்கினார்கள், அதற்கடுத்த சுற்றில் மீதியும் பையும் வாங்கிக்கொண்டார்கள்.

வடிவுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பக்கத்து எழுத்தையும் உரித்தாலொழிய வண்டி நிற்காது, ஒரு பக்கத்தை மட்டும் உரித்தால் மறுபக்கம் எங்கே இழுத்துக்கொண்டு போகுமோ தெரியாது. சுரண்டுகிற பிளேடை எடுத்துக்கொண்டு கடைப்படியில் நின்றாள். சுற்றுக்கு ஒரு எழுத்து அவள் இந்தப் பக்கம் உரிப்பது, உள்ளேயிருந்து யாராவது அந்தப் பக்கம் ஒன்று உரிப்பது என்று படியில் தொங்கியவனிடம் கத்திச் சொன்னாள். லூர்தம்மாள் கருவாடு நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தாள்.

முதல் எழுத்தை உரிக்க அவள் கை நீட்டியபோது, பன்னிரண்டு டிகிரி சாய்ந்து வந்த உச்சிமாகாளியின் முகம் அவள் முகத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்தது. ஒன்றரை மாதம் கழித்து இவ்வளவு பக்கத்தில்.

“ஒண்ணு சொல்லணும்” என்றான். வண்டி போய்விட்டது.

இரண்டாம் சுற்றில், ஆறு வருஷமாகச் சொல்ல வேண்டுமென்று இருக்கிறேன் என்றான். மூன்றாம் சுற்றுக்குள் பஸ் முழுவதும் விஷயம் பரவிவிட்டது. எல்லோரும் இடப்பக்கம் வந்து குவிந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அவனோ கடை முன்னால் வந்ததும் வாய் குழறி, இங்கே டீ நல்லா இருக்கும் என்று சொல்லி வைத்தான். ஐம்பது பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஊரையே ஓட வைத்த எழுத்தால் இந்த ஒரு நாக்கை ஓட வைக்க முடியவில்லை. பால் திரிந்துவிடும் என்று ஒருவர் முறையிட்டார், தாலுகா ஆபீஸ் போகவேண்டியவர் நான் அடுத்த வாரம் போய்க்கொள்கிறேன், நீ நிதானமாகச் சொல்லு என்று அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். லூர்தம்மாளுக்குத்தான் பொறுமை போனது. அந்தப் பக்கம் கடைசி எழுத்து ஒன்றை விட்டு வைத்திருக்கிறேன், நீ சொல்லி முடிக்காமல் அதில் கத்தி படாது, நாங்கள் சாகிறவரைக்கும் சுற்றினாலும் சரிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

வடிவும் இந்தப் பக்கம் ஒன்றை விட்டு வைத்தாள். எழுத்து குறையக் குறைய வண்டியின் வேகமும் குறைந்து, இப்போது ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தது. ஆசீர்வாதம் அண்ணாச்சி டீயோடு வெளியே வந்து நின்றார்.

“அந்த எழுத்து சாயுதுல்லா” என்றான் உச்சிமாகாளி. “அது நான் படியில நிக்க மாதிரியே இருக்கு. மொத போர்டு வச்ச அன்னைக்கே பாத்துட்டேன். கேட்டா தப்பா நெனைப்பீங்களோன்னு இருந்தேன்.”

வடிவுக்குக் காது மடல் சுட்டது. படியை விட்டு இறங்கி வண்டியோடு கூடவே நடந்தாள்.

“ஒங்களப் பாத்துத்தான் வரைஞ்சேன்” என்றாள். “பாகைமானி வச்சு அளந்து.”

வண்டி கிழக்குத் தெருவைத் தாண்டி, வடக்குத் தெருவைத் தாண்டி, மேற்குத் தெருவைத் தாண்டி வந்தது, அவள் கூடவே நடந்தாள், அவன் சாய்ந்தபடியே வந்தான், குருக்களும் பின்னாலேயே வந்தார். மறுபடியும் தெற்குத் தெருவுக்குள் திரும்பியபோது அவன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வரட்டுமா?”

“வாங்க” என்றாள் வடிவு. “மெதுவா வாங்க.”

இந்தப் பக்கம் அவள் பிளேடும் அந்தப் பக்கம் லூர்தம்மாள் கத்தியும் ஒரே நேரத்தில் கடைசி எழுத்தில் பட்டன. பெயரே இல்லாத பஸ், சரியாகப் பத்து நாற்பதுக்குக் கடை முன்னால் வந்து நின்றது. உச்சிமாகாளி இரண்டு காலையும் தரையில் வைத்து இறங்கி, நேராக நிமிர்ந்து நின்றான். அவன் அவ்வளவு உயரம் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆசீர்வாதம் அண்ணாச்சி இரண்டு கிளாஸ் கொடுத்தார். பத்து நாற்பத்தொன்று, பத்து நாற்பத்திரண்டு என்று நேரம் போயிற்று, இருவரும் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள்.

ஒன்பது நிமிஷம் முடிந்தது. அருளப்பன் என்ஜினைப் போட்டுவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பத்தாவது நிமிஷமும் முடிந்தது, பதினைந்தும் முடிந்தது. தங்கத்துரை எங்கிருந்தோ போனில் கத்திக்கொண்டிருந்தார், பால்காரரும் தாலுகா ஆபீஸ்காரரும் லூர்தம்மாளும் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்டக்டர் விசில் அடிக்காமல் வண்டி புறப்படக்கூடாது. விசில் வடிவு கையில் இருந்தது.